பதில் வராதபோது காட்டிய நிறம்

மலையுச்சியில் மழை பெய்கிறதா என்பது ஆற்றுப் பள்ளத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. கீழே எங்கள் ஊர் சும்பர்லெகியில் வெயில் காயும். உச்சி மட்டும் மேகத்துக்குள் இருக்கும். அங்கே கொட்டுகிற மழை எரிமலைச் சாம்பலையும் பாறைகளையும் வழித்துக்கொண்டு இறங்கும்போது, கீழே மணல் அள்ளுகிறவர்கள் சோளச்சோற்றைப் பிரித்து வைத்து உட்கார்ந்திருப்பார்கள். அதைத்தான் நாங்கள் லாஹர் என்கிறோம். வெளியூர்க்காரர்கள் வெள்ளம் என்று எழுதுகிறார்கள். தண்ணீராக இருந்தால் நீந்தியாவது பார்க்கலாம். அது குழைத்த சிமெண்டு மாதிரி வரும். வீட்டளவு பாறை அதன்மேல் மிதந்து வரும்.

வெனிங் எங்கள் ஊர்ப் பெண். மாலாங் நகரத்தில் படித்து, அங்கேயே செல்போன் செயலிகள் செய்து கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சலவைக் கடைக்கு ஒன்று, கல்யாணச் சமையல்காரருக்கு ஒன்று என்று அதுவரை செய்துகொண்டிருந்தவள், லாஹர் எச்சரிக்கைக்கு ஒரு செயலி வேண்டுமென்ற அரசாங்க வேலை நிறுவனத்துக்குக் கிடைத்ததும், தானே போய் முதலாளி பாக் தர்சோனோவிடம் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளுடைய தங்கை லாஸ்த்ரியின் கணவன் துங்குல் அந்தப் பள்ளத்தில்தான் மணல் லாரி ஓட்டினான்.

சொல்லக் கேட்டால் அந்த வேலை எளிதாகத்தான் தெரியும். பள்ளத்தின் கழுத்தில், ஆள் ஏற முடியாத இடத்தில், தரையின் அதிர்வை உணரும் ஒரு கருவியைப் புதைத்திருந்தார்கள். அது உணர்வதையெல்லாம் நகரத்தில் இருக்கும் சர்வருக்கு அனுப்பும். கையிலிருக்கும் செயலி அந்தச் சர்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். பயமில்லை என்றால் திரை முழுக்கப் பச்சை. சந்தேகம் என்றால் மஞ்சள். வருகிறது என்றால் சிவப்பும் அலறலும். கேட்பது, கிடைத்ததைக் காட்டுவது, அவ்வளவுதான். பதில் கிடைக்காதபோது எதைக் காட்டுவது என்பதில்தான் எல்லாம் இருந்தது.

வெனிங் அதற்குச் சாம்பல் நிறத்தை வைத்தாள். "தெரியவில்லை, மேலே ஏறுங்கள்" என்று அதன்மேல் பெரிய எழுத்தில் போட்டாள்.

விடுமுறை நாட்களில் ஊருக்கு வந்து துங்குலின் லாரியில் ஏறிப் பள்ளத்துக்குள் போவாள். சிக்னல் எந்த வளைவில் விழுகிறது, எந்தப் பாறைக்குப் பின்னால் திரும்ப வருகிறது என்று அவன்தான் காட்டிக் கொடுத்தான். அவனுக்கு வாய் சும்மா இருக்காது. அவள் செயலி ஒவ்வொரு தடவை சாம்பலுக்குப் போகும்போதும் கேலி பண்ணுவான்.

"என்னக்கா, உன் புள்ள மறுபடியும் தூங்கிருச்சு."

"தூங்கலடா. மேல இருந்து பதில் வரல. தெரியலன்னு சொல்லுது."

"தெரியலன்னு சொல்றதுக்கு எதுக்குக்கா ஆப்? அதுக்குத்தான் எங்க முதலாளி இருக்காரே."

சிரிப்பான். ஆனாலும் சாம்பல் வந்தால் லாரியைப் பின்னால் எடுத்து மேட்டுக்குக் கொண்டுபோய்விடுவான். மற்றவர்களும் அப்படியே பழகினார்கள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முணுமுணுத்தபடி ஏறுவார்கள். நிறம் மாறியதும் இறங்குவார்கள்.

மணல் குத்தகைக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுக்குப் பேசுகிறவர் ஹாஜி முக்சின். நிறுவனத்தின் அறையில் நடந்த கூட்டத்துக்கு அவர் பேரீச்சம்பழப் பெட்டியோடு வந்தார். அரசாங்கத் தரப்பில் ஓர் அதிகாரியும் இருந்தார். ஹாஜி கோபப்படவே இல்லை. பள்ளத்தில் சிக்னல் போவது சகஜம் என்றார். ஒவ்வொரு தடவையும் ஆள் ஏறி இறங்கினால் லாரி வரிசை ரோடு வரைக்கும் நிற்கிறது, ஓட்டுகிறவனுக்கும் அள்ளுகிறவனுக்கும்தானே கூலி குறைகிறது என்றார். சாம்பல் வந்து ஏறினார்களே, ஒரு நாளாவது லாஹர் வந்ததா என்று கேட்டார். வரவில்லை என்று வெனிங் ஒப்புக்கொண்டாள். அதிகாரி தலையசைத்தார். சாம்பல் திரையைப் பார்க்கும் மேலிடத்து ஆட்கள் கருவியே வேலை செய்யவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்பது அவருடைய கவலை.

பாக் தர்சோனோ அங்கேயே முடிவு சொன்னார். பதில் வராவிட்டால் கடைசியாக வந்த நிறம் அப்படியே நிற்கட்டும்.

வெனிங் மறுத்துப் பேசினாள். கடைசியாக வந்தது பழையது, பழையதைப் புதியது மாதிரி காட்டுவது பொய் என்றாள்.

"பொய்னு ஏம்மா பெரிய வார்த்தையெல்லாம்? கடைசியா எப்ப பதில் வந்துச்சுன்னு அடியில போட்டுரு. பாக்கறவன் பாத்துக்கட்டும்," என்றார் தர்சோனோ.

லாரி ஓட்டுகிறவன் மேட்டில் சும்மா நிற்கும்போதே அதைப் படிக்க மாட்டான், பள்ளத்து வெயிலில் அந்தச் சின்ன எழுத்து தெரியவே தெரியாது என்று அவள் சொன்னது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. வேலையை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவதாகத் தர்சோனோ சொன்னபோது, வேறு யாராவது செய்தால் அந்தச் சின்ன எழுத்துகூட இருக்காது என்று நினைத்தாள். மாற்றிக் கொடுத்தாள். திரை அழகாக இருக்க வேண்டும் என்று பிறகு அந்த எழுத்தையும் வெளிறச் செய்தார்கள்.

அதற்குப் பிறகு யாரும் காரணமில்லாமல் மேடேறவில்லை. செயலிக்கு நல்ல பெயர் வந்தது, பக்கத்துப் பள்ளங்களுக்கும் அது போனது. பள்ளத்தில் இருந்தவர்கள் முன்பெல்லாம் ஆளுக்கொரு வயர்லெஸ் பெட்டி வைத்திருப்பார்கள். உச்சியில் மழை கொட்டினால் மேல் கிராமத்துத் தொண்டர்கள் அதில் சத்தம் கொடுப்பார்கள். பெட்டி கனம், பேட்டரி தொல்லை. கையில்தான் போன் இருக்கிறதே என்று ஒவ்வொருவராக வீட்டில் வைத்துவிட்டு வர ஆரம்பித்தார்கள். "எங்க அக்கா செஞ்சது," என்று துங்குல் புதிதாக வருகிற ஓட்டுநர்களின் போனில் செயலியை இறக்கிக் கொடுப்பான். எப்படி வைத்துக்கொள்வது என்று அவனே காட்டுவான்.

அந்த நாள் மதியம்வரை நன்றாக வெளுத்திருந்தது. பிறகு மலைப்பக்கம் கருத்தது. முகட்டில் இருந்த செல்போன் கோபுரத்தில் இடி விழுந்தது. கீழே அந்தச் சத்தம் வெகு தூரத்தில் யாரோ தகரத்தைப் போட்டதுபோலத்தான் கேட்டதாம். அந்த நொடியிலிருந்து பள்ளத்துக்குள் இருந்த எந்தப் போனுக்கும் பதில் வரவில்லை. கழுத்தில் புதைந்திருந்த கருவி அதிர்வை உணர்ந்தது. வேறு வழியாக அது சர்வருக்கும் போய்ச் சேர்ந்தது. நகரத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியின் திரை சிவந்தது. பள்ளத்தில் பச்சை நின்றது.

மேல் கிராமத்துத் தொண்டர்கள் வயர்லெஸ்ஸில் கத்தியிருக்கிறார்கள். கேட்கப் பள்ளத்தில் பெட்டி இல்லை.

கரையோரம் இருந்தவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பியபோது, நூறு லாரி ஒரே நேரத்தில் கல்லைக் கொட்டுவது மாதிரி இருந்தது என்றார்கள். சிலர் மரவேரைப் பிடித்து ஏறிவிட்டார்கள். நடுவில் நின்றவர்களுக்கு நேரமில்லை. துங்குலின் லாரி பாதி நிரம்பியிருந்தது. அவன் வண்டியைக் கிளப்பப் பார்த்தான் என்று ஒருவர் சொன்னார். இறங்கி ஓடினான் என்று இன்னொருவர். இரண்டுமே நடந்திருக்கலாம். புகைந்துகொண்டே வந்த சாம்பல் சேறு வளைவைத் தாண்டிப் போனபோது பள்ளம் முழுக்க ஒரே மட்டமாக இருந்தது. லாரிகள் நின்ற இடம் எதுவென்று காட்ட ஒன்றும் இல்லை.

செய்தி கேட்டு வெனிங் மாலாங்கிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். வழியெல்லாம் தங்கைக்குப் போன் அடித்தாள். கோபுரம் செத்திருந்ததால் அது போய்ச் சேரவில்லை. பாதையில் சேறு தள்ளியிருந்ததால் கடைசித் தூரத்தை நடந்தே வந்தாள். லாஸ்த்ரியின் வீட்டு முன்னால் செருப்புகளைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

துங்குலின் உடல் கிடைக்கவில்லை. வேறு மூன்று பேருடையது கீழே பாலத்தடியில் கிடைத்தது. அடையாளம் சொல்ல மனைவிமாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். லாஸ்த்ரி ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்துவிட்டு, இல்லை என்று வந்தாள். அழக்கூட அவளுக்கு வழியில்லை. பெண்கள் பின்கட்டில் சோறு வடித்தார்கள். ஆண்கள் ஓதுவதற்கு வாசலில் பாய் விரித்தார்கள்.

மறுநாள் காலையில் கோபுரம் உயிர் பெற்றதும் தர்சோனோ கூப்பிட்டார். வெனிங் கிணற்றடிக்குப் போய்ப் பேசினாள். அவர் முதலில் துக்கம் விசாரித்தார். குரல் தாழ்ந்துதான் இருந்தது. அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

"சாம்பல் நிறத்தைத் திரும்பப் போட்டுரு. இன்னிக்கே அனுப்பு. சத்தமில்லாம அனுப்பு."

"சத்தமில்லாமன்னா?"

"பழைய ஆப் யார் போன்லயும் இருக்கக் கூடாது. விசாரணைக்கு ஆள் வர்றாங்க. அவங்க எடுத்துப் பாக்கறப்ப சாம்பல்தான் தெரியணும். முதல்லருந்தே அப்படித்தான் இருந்துச்சு, புரியுதா?"

அவளுக்கு நன்றாகப் புரிந்தது. புரிந்ததுதான் கொடுமை. புதியதை அனுப்பினால் ஒவ்வொரு போனிலும் பழையது தானாக அழிந்துபோகும். நடந்ததற்கு அத்தாட்சி கையில் இருக்காது. அனுப்பாமல் வைத்திருந்தால் பக்கத்துப் பள்ளங்களில் அந்தப் பச்சையை நம்பி அன்றைக்கும் ஆட்கள் இறங்குவார்கள். மலை இன்னும் கருத்துத்தான் இருந்தது. பக்கத்துப் பள்ளத்தில் வேலை நிற்கவில்லை என்று அன்று காலையில்தான் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"அனுப்பறேன்," என்றாள்.

லாஸ்த்ரியின் அடுப்படியில், தேங்காய் துருவுகிற பலகையில் மடிக்கணினியை வைத்து உட்கார்ந்தாள். சாம்பலைத் திரும்ப வைப்பது சின்ன வேலை. அவள் எழுதியது பழைய பிரதியில் அப்படியே கிடந்தது. அதை முடித்த பிறகு இன்னொன்றும் செய்தாள். செயலியைத் திறந்ததும் முதலில் வருகிற மாதிரி ஒரு திரை. படித்து, விரலால் தொட்டால்தான் அது விலகும். அதில் இப்படி எழுதினாள்:

"இந்தச் செயலி இதுவரை, தனக்குப் பதில் கிடைக்காத நேரத்திலும் பச்சையைக் காட்டியது. லாஹர் வந்த அன்று பள்ளத்தில் இருந்தவர்களுக்கும் அப்படித்தான் காட்டியது. அது பாதுகாப்பின் நிறம் அல்ல, பழைய பதிலின் நிறம். இப்போது மாற்றியிருக்கிறோம். சாம்பல் தெரிந்தால் எங்களுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். உடனே மேலே ஏறுங்கள். இதைச் செய்தவள், சும்பர்லெகி வெனிங்."

தன் போனில் மட்டும் தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்தி வைத்தாள். பிறகு அனுப்பினாள். அனுப்பிவிட்டுப் பெண்களோடு போய் வெங்காயம் உரித்தாள்.

பிற்பகல் தொழுகை முடிந்து ஆண்கள் பாயில் உட்கார்ந்தபோது அது வந்து சேர ஆரம்பித்தது. ஒருவர் செயலியில் மலை நிலவரம் பார்க்கப் போனை எடுத்தார். எடுத்தவர் வைக்கவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவரும் தன்னுடையதை எடுத்தார். ஓதல் அங்கங்கே நின்றது. ஹாஜி முக்சினும் அன்று வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார், மறுபடி படித்தார், எழுந்து, செருப்பைத் தேடாமலே வெறுங்காலோடு வண்டிக்குப் போனார்.

யாரோ ஒருவருடைய போன் உள்ளே லாஸ்த்ரியின் கைக்குப் போனது. வெனிங் எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள். தங்கை படித்து முடிக்கிறவரை அவள் நகரவில்லை.

லாஸ்த்ரி போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்குச் சோறு கொண்டு போனேன்," என்றாள். அக்காவைப் பார்த்து அல்ல, தரையைப் பார்த்து. "மேல நின்னு கத்தினேன், மலை கருத்துக் கெடக்கு, ஏறி வாங்கன்னு. அவரு போனைத் தூக்கிக் காட்டினாரு. பச்சையா இருந்துச்சு. சிரிச்சாரு. நானும் பாத்துட்டு, சோத்தக் கல்லு மேல வச்சுட்டு வந்துட்டேன்."

பெண்களில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். லாஸ்த்ரி அழவில்லை.

"உனக்குத் தெரியுமா? அது பழசுன்னு தெரிஞ்சுதான் செஞ்சியா?"

"தெரியும்."

"வேணாம்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"சொல்லிட்டுச் செஞ்ச."

லாஸ்த்ரி போனை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள்.

"என் வீட்ல நிக்காத. போயிரு."

பெரியவர்கள் சமாதானம் செய்யப் பார்த்தார்கள். துக்க வீட்டில் இப்படிப் பேசலாமா என்றார்கள். வெனிங்தான் வேண்டாமென்று கையைக் காட்டினாள். மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு, சேற்றுப் பாதையில் பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். நாங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கூடப் போக யாருக்கும் கால் வரவில்லை.

தர்சோனோ அன்றைக்கே அவளை வேலையிலிருந்து எடுத்தார். நிறுவனத்தின் பெயரைக் கெடுத்ததற்கு வழக்குப் போடப்போவதாக வக்கீல் பேசினார். விசாரணையில் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: கடைசியாக எப்போது பதில் வந்தது என்பது திரையில் எப்போதும் இருந்தது, படிக்காதது உபயோகிப்பவர்களின் கவனக்குறைவு. வெனிங் பழைய செயலி இருந்த தன் போனை மேசைமேல் வைத்து, சிக்னலை அணைத்து, பச்சை அப்படியே நிற்பதைக் காட்டினாள். அந்தச் சின்ன எழுத்தைப் படித்துச் சொல்லும்படி விசாரிக்க வந்தவர்களிடம் கேட்டாள். ஒருவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். பிறகு படிக்காமலே திருப்பிக் கொடுத்தார். மாற்றச் சொன்னது யார் என்று கேட்டபோது, அறையில் இருந்தவர்களின் பெயர்களைச் சொன்னாள். கையால் செய்தது யார் என்று கேட்டபோது தன் பெயரைச் சொன்னாள்.

அறிக்கை வந்தது. மழை, இடி, கோபுரம், செயலி, உரிமமில்லாமல் பள்ளத்தில் இறங்கிய தொழிலாளர்கள் என்று எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு கொடுத்திருந்தார்கள். நிறுவனத்துக்கு அந்த வேலை போனது. தர்சோனோ வேறு பெயரில் வேறு கட்டடத்தில் பலகை மாட்டினார். வழக்கைப் பிறகு யாரும் பேசவில்லை.

துங்குல் மழைக்காலம் முடிந்தபின் கிடைத்தான். தோண்டும் இயந்திரம் மணலை வழித்தபோது லாரியின் கூரை தட்டுப்பட்டது. அவன் அதற்குள் இல்லை; கொஞ்சம் தள்ளி, கரையைப் பார்த்து இருந்தான். ஓடியிருக்கிறான். அடக்கத்துக்கு வெனிங் வந்து, கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்றுவிட்டுப் போனாள்.

மலை வாரிக்கொண்டு வந்து போட்டதெல்லாம் நல்ல மணல். ஹாஜி முக்சின் பள்ளத்துக்குப் புதிதாகப் பாதை வெட்டினார். போனவர்களின் வீட்டிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். வேறு எங்கே போவது? லாஸ்த்ரியும் போனாள். சல்லடை பிடிக்கிற வேலை. அரசாங்கம் வேறு யாரிடமோ புதிய செயலி செய்யக் கொடுத்திருந்தது. இறக்கி வைத்துக்கொள்ளும்படி ஆட்கள் வந்து சொன்னார்கள். அவள் தன் போனையே வீட்டில் வைத்துவிட்டுப் போவாள்.

வெனிங் மாலாங்கில் ஒரு மருந்துக் கடையில் கணக்குப் பார்க்கிறாள். வாரத்தில் கிடைக்கிற ஒரு நாள் விடுமுறைக்கு முதல் பஸ்ஸில் ஏறி இங்கே வந்துவிடுகிறாள். வீட்டுக்குப் போவதில்லை. தொண்டர்களிடம் வாங்கிய ஒரு வயர்லெஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, லாஸ்த்ரி வேலை செய்கிற இடத்துக்கு நேர் மேலே, கரையில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். டீக்கடைக்காரர்கள் சில நாள் காப்பி கொடுப்பார்கள். சில லாரிக்காரர்கள் துப்பிவிட்டுப் போவார்கள்.

முதல் சில வாரங்கள் லாஸ்த்ரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் வேலைக்கு இறங்கும் வழியில் நின்றாள்.

"வாரத்துல ஒரு நாள் வந்து இங்க குந்திக்கிட்டா? மத்த நாள்ல எது வந்தாலும் வரும்ல?"

"வரும்."

"அப்புறம் எதுக்கு வர்ற?"

"வர முடியற நாளு இதுதான். சத்தம் வந்தா கூப்பிடுவேன். நீ ஏறிரு."

லாஸ்த்ரி அந்தப் பெட்டியைப் பார்த்தாள். முந்தானைத் துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, சல்லடையை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினாள்.